புகையும் உழைப்பும்

அண்மையில் ஒரு நாள் மேல்வகுப்பு மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘புகைத்தலின் தீமைகள்’ என்பது தலைப்பு. பெரும்பாலான கொப்பிகளில் ஒரே கருத்து, சொற்கள் சற்று மாறியும் மாறாமலும், திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கல்வியறிவற்ற கூலித் தொழிலாளரே இத்தீய பழக்கத்துக்கு ஆளாகின்றனர். அவர்கள் தம் உழைப்பைப் புகையாக்கிக் குடும்பத்தையும் கெடுக்கின்றனர் என்பதே அக்கருத்து. ஒரேயொரு மாணவன் மாத்திரம் அரைப் பக்கத்துடன் நிறுத்தியிருந்தான். அவனுடைய தந்தை சந்தையில் மூட்டை சுமப்பவர். தன் தகப்பனார் புகைப்பவர் என்றும், ஆயினும் அவர் கெட்டவர் அல்லர் என்றும் எழுதி, அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லாதவன்போல் கொப்பியை மூடிவிட்டிருந்தான்.

அந்த அரைப் பக்கத்துக்கு எத்தனை புள்ளி இடுவதென்று தெரியாமல் நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மற்றையோர் எழுதியவை முழுப் பொய்யல்ல. இன்று பல நாடுகளில் எடுக்கப்படும் கணிப்புகள், எழுதுகோல் பிடிப்போரைக் காட்டிலும் மண்வெட்டியும் சம்மட்டியும் பிடிப்போரே கூடுதலாகப் புகைக்கின்றனர் என்றே காட்டுகின்றன. ஆயின், அது என்றும் அவ்வாறே இருந்ததா? இல்லையெனின், எப்பொழுது, எக்காரணத்தால் அவ்வாறாயிற்று? சுகாதாரப் பாடநூல் இக்கேள்விகளைக் கேட்பதில்லை. அது தனிமனிதனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு அமைந்துவிடுகின்றது. வரலாற்றைத் துணைக்கொண்டு நோக்கும்பொழுதே இவ்விடயத்தின் மெய்யான உருவம் நமக்குப் புலனாகும்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அக்கரையை அடைந்த பின்னரே ஏனைய உலகம் அதனை அறிந்தது. 1604ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸ் அதனைக் கண்டித்து ஒரு நூலே எழுதி வெளியிட்டான். கண்டித்த கையாலேயே அதன்மீது பெருவரியும் விதித்தான். புகையிலையைப் பழித்துக்கொண்டே அதனால் திறைசேரியை நிரப்பும் அரசுகளின் மரபு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

யார் எவ்வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அவரவர் செய்த தொழிலேயாகும். மரக்கலங்களில் தீப்பற்றுமென்ற அச்சம் என்றும் இருந்தமையால், மாலுமிகள் கப்பலின் குறித்த ஓரிடத்தில் மாத்திரமே புகைக்கலாம். ஆதலின் அவர்கள் புகையிலையை மென்றனர். நிலக்கரிச் சுரங்கத்தினுள் எரிவாயு தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி நூறு உயிரைக் குடித்துவிடும். எனவே சுரங்கத் தொழிலாளர் மென்றனர், அல்லது மூக்குத்தூள் இட்டனர். பஞ்சாலைகளிலும் இதே கதைதான். நம் பழைய பண்டிதர்மாரின் மூக்குத்தூள் டப்பியைக் கண்டு நகைத்தவர் பலர். அதே டப்பி ஐரோப்பியத் தொழிலாளியின் சட்டைப் பையிலும் இருந்ததென்பதை அறிந்தோர் சிலரே. பழக்கம் என்று நாம் எளிதாகக் கூறிவிடும் ஒன்று, தொழிற்களத்தின் சட்டதிட்டங்களாலும் ஆபத்துக்களாலும் உருவாக்கப்பட்டது என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் இத்தாலிய வைத்தியர் பெர்னாடினோ ரமசினி. 1700ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் குயவர், சுரங்கத் தொழிலாளர், தோல் பதனிடுவோர் முதலியோருடன் புகையிலையை அரைத்துத் தூளாக்கும் தொழிலாளரும் இடம்பெற்றனர். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவற்றால் அவர்கள் துன்புற்றதை அவர் குறித்தார். நோயாளியைக் காணும் வைத்தியர், அவர் என்ன தொழில் செய்கின்றார் என்றும் கேட்டல் வேண்டும் என்பது அவர் மருத்துவத்துக்கு விட்டுச் சென்ற கொடை. அக்கேள்வியை மருத்துவ உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெரும் மாற்றம் ஏற்பட்டது. அதுவரை சிகரட்டைக் கையாலேயே சுற்றினர். கைதேர்ந்த ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 3,000 வரையிற் சுற்றுவார். 1880களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞரான ஜேம்ஸ் பொன்சாக் என்பவர் அமைத்த யந்திரமோ அதே நேரத்தில் ஓர் இலட்சத்துக்கு மேல் சுற்றித் தள்ளியது. அமெரிக்காவில் டியூக் என்ற முதலாளி அதனைக் கைப்பற்றினார். இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1883இல் அதன் உரிமையை வாங்கியது. 1888இல் அந்நிறுவனம் ‘வூட்பைன்’ என்ற மலிவு சிகரட்டை ஒரு பென்னிக்கு ஐந்து என்ற விலையில் சந்தைக்கு அனுப்பியது. உற்பத்தி மலையாகக் குவிந்தது. குவிந்ததை வாங்குவதற்கு ஆள் வேண்டும். செல்வரை மாத்திரம் நம்பியிருப்பின் அம்மலை கரையாது. ஆகவே தொழிலாளியின் பென்னியைத் தேடி மூலதனம் புறப்பட்டது.

இங்கு மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். குழாயில் புகையிலையை அடைத்துப் பற்றவைத்து ஆறுதலாகப் புகைப்பதற்கு ஓய்வு வேண்டும். ஆலைச் சங்கொலிக்கும் ஆலைச் சங்கொலிக்கும் இடையே சில நிமிடங்களே கிடைக்கப்பெற்ற தொழிலாளிக்கு அந்த ஓய்வு ஏது? சிகரட்டோ ஐந்து நிமிடத்தில் தொடங்கி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். யந்திர உற்பத்தியின் பிள்ளையான சிகரட்டு, யந்திரத்தோடு கட்டுண்ட தொழிலாளியின் நேரத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்திற்று. முதலாம் உலகப் போர் எஞ்சியதை முடித்துவைத்தது. பதுங்குகுழியிற் கிடந்த போர்வீரனுக்கு உணவுப் பங்கீட்டுடன் புகையிலையும் வழங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கப் படையினரின் உணவுப் பொதியிலிருந்து சிகரட்டு நீக்கப்பட்டது 1975ஆம் ஆண்டளவிலேதான். வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் போருக்குச் சென்ற இளைஞர், உயிர் தப்பி மீண்டபொழுது, அரசு கற்பித்த இப்பழக்கத்தையும் உடன் கொண்டு மீண்டனர்.

எனினும், இக்காலத்தில் புகைத்தல் தொழிலாளருக்கு மாத்திரம் உரிய ஒன்றாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட கணிப்பின்படி வளர்ந்த ஆண்களில் நூற்றுக்கு 82 பேர் ஏதோவொரு வகையிற் புகைத்தனர். பெண்களில் நூற்றுக்கு 41 பேர். பிரபுவும் புகைத்தார், அவரின் வண்டியோட்டியும் புகைத்தார். பேராசிரியரும் புகைத்தார், அவரின் அறையைக் கூட்டியவரும் புகைத்தார். வர்க்கங்களுக்கிடையே இதில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. மாணவர் எழுதிய அந்த வாக்கியம் அவ்வாண்டில் எழுதப்பட்டிருப்பின் அது வெறும் பொய்யாகவே இருந்திருக்கும்.

1950ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் றிச்சாட் டோல், பிராட்போட் ஹில் என்னும் இருவர் தமது ஆய்வைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். இலண்டன் மாநகரின் இருபது ஆஸ்பத்திரிகளில் நுரையீரற் புற்றுநோயுடன் கிடந்த 649 ஆண்களுள் புகைக்காதவர் இருவரே. வேறு நோய்களுடன் கிடந்த அதே எண்ணிக்கையானோருள் புகைக்காதவர் 27 பேர். அவர்கள் இத்துடன் அமையவில்லை. 1951 ஒக்டோபரில் பிரித்தானிய வைத்தியர் அனைவருக்கும் கடிதம் எழுதி, அவரவரின் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்தனர். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விடையளித்தனர். பின்னர் யார் எந்நோயால் இறக்கின்றனர் என்பதை ஆண்டுதோறும் கணக்கெடுத்தனர். ஐம்பது ஆண்டுகள் நீண்ட அக்கணக்கின் முடிவு 2004இல் வெளிவந்தது. புகைத்தலைக் கைவிடாதவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கின்றனர் என்பது அதில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

இவ்வாய்வு வைத்தியரைப் பற்றியது என்பது கவனத்துக்குரியது. தம்முடைய சகபாடிகளின் மரணத்தைத் தாமே எண்ணிப் பார்த்த தொழிற்பிரிவினர் அவர்கள். உண்மை அவர்களை முதலில் வந்தடைந்தது; அவர்களே முதலில் கைவிடத் தொடங்கினர். பிரித்தானியச் சுகாதார அமைச்சர் இயன் மக்லியொட் 1954 பெப்ரவரியில் பத்திரிகையாளரைக் கூட்டி, புகைத்தலுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்புண்டென்று அறிவித்தார்; அறிவித்த நேரம் முழுதும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரட்டுப் புகைத்துக்கொண்டேயிருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் புகையிலை முதலாளிகள் நாடெங்குமுள்ள நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, ஐயத்தை விதைத்தனர். வைத்தியரிடம் ஆய்வு சென்றது. தொழிலாளியிடம் விளம்பரம் சென்றது.

இதன் விளைவை 1974ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடித்தனக் கணிப்பிற் காணலாம். உயர்தொழில் புரியும் ஆண்களில் நூற்றுக்கு 29 பேர் சிகரட்டுப் புகைத்தனர். தொழிற்பயிற்சி பெற்ற கைவினைத் தொழிலாளரில் 56 பேர். பயிற்சியற்ற கைத்தொழிலாளரில் 61 பேர். கால் நூற்றாண்டுக்குள், எல்லோர்க்கும் பொதுவாயிருந்த ஒரு பழக்கம், படிமுறையாகக் கீழே இறங்கி உழைப்போர் தோளிற் குந்திக்கொண்டது. அதன் பின்னர் எல்லாப் பிரிவினரிடையேயும் தொகை குறைந்ததுண்டு. ஆயினும் 2022ஆம் ஆண்டிலுங்கூட அங்கு உடலுழைப்புத் தொழில்களில் உள்ளோரிற் புகைப்போர் வீதம், நிருவாக, உயர்தொழில்களில் உள்ளோரினதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலாக இருந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் கட்டட வேலையாளரும் சுரங்க வேலையாளரும் பட்டியலின் மேற்பகுதியிலும், ஆசிரியர் அடிப்பகுதியிலும் நிற்கின்றனர். புகைக்காத ஆசிரியர் இதனைத் தம் ஒழுக்கத்தின் வெற்றியெனக் கருதிப் பெருமை கொள்ளுமுன் சற்றுச் சிந்தித்தல் நன்று.

கல்வியறிவு இன்மையே இதற்குக் காரணம் என்று கூறிவிடலாமா? இவ்வினாவுக்கு விடையளிக்கும் சான்று ஒன்று, ஆலையிலுமன்றிச் சுரங்கத்திலுமன்றி, பிரித்தானிய அரசின் கந்தோர்களிலேயே கிடைத்தது. இலண்டனில் அமைச்சுக்கள் அமைந்துள்ள வீதியின் பெயர் வைட்ஹோல். 1967ஆம் ஆண்டு முதல் அங்குப் பணிபுரிந்த பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் உத்தியோகத்தரைச் சில மருத்துவ ஆய்வாளர் சோதித்துத் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவ்வாய்வின் முடிவுகளை 1978இல் மைக்கல் மாமட் என்பாரும் அவர்தம் தோழரும் வெளியிட்டனர். இவ்வுத்தியோகத்தர் அனைவரும் ஒரே நகரத்தவர். நிலையான சம்பளம் பெறுவோர். நச்சுத் தூசியோ உலைக்களத்து வெப்பமோ அறியாதவர். ஆயினும் பதவிப் படிநிலையில் இறங்க இறங்கப் புகைப்போர் தொகை ஏறிற்று. உச்சியிலிருந்த நிருவாக அதிகாரிகளில் நூற்றுக்கு 29 பேர் புகைத்தனர். அடுத்த தரத்தினரில் 37 பேர். எழுதுவினைஞரில் 53 பேர். அடித்தட்டிலிருந்த ஏவலாளரிடையே 61 பேர்.

எழுதுவினைஞர் எழுத்தறியாதவரா? அவர் நாள் முழுதும் செய்வது எழுத்து வேலைதானே. அறிவின்மை என்ற விளக்கம் இவ்விடத்திலேயே தடுக்கி விழுகின்றது. மேலும் வியப்பானது பின்னர் வருவது. அடித்தட்டு ஏவலாளர், உச்சி அதிகாரிகளைக் காட்டிலும் மூன்றரை மடங்குக்கு மேல் இருதய நோயால் மடிந்தனர். புகைத்தல் கூடியமையாலே இறப்பும் கூடிற்று என எண்ணத் தோன்றும். ஆய்வாளர் அதனையும் கணக்கிட்டுப் பார்த்தனர். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய யாவற்றையும் கழித்துப் பார்த்த பின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. ஒரு முறையேனும் புகைக்காத ஏவலாளருங்கூட, புகைக்காத அதிகாரியைக் காட்டிலும் முந்தியே இறந்தார். புகை கொல்கின்றது என்பது உண்மை. ஆயின் கொல்வது புகை மாத்திரமன்று.

1985ஆம் ஆண்டில் அதே கந்தோர்களில், இம்முறை பெண்களையும் உள்ளடக்கி, பத்தாயிரம் பேரைக் கொண்டு இரண்டாவது ஆய்வு தொடங்கப்பட்டது. தன் வேலையின்மீது தனக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பது உடல்நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றதென அது காட்டிற்று. எப்பொழுது தொடங்குவது, எவ்வேகத்திற் செய்வது, எப்பொழுது நிறுத்துவது என்பவற்றில் ஒரு சொல்லும் இல்லாதவனே விரைவில் நோயுறுகின்றான். உழைப்பு உழைப்பவனுக்கு அந்நியமாகிவிடுகின்றது என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மார்க்ஸ் கூறியதை நாம் தத்துவமாகப் படித்தோம். வைட்ஹோல் கந்தோர்களில் அது இரத்தக் குழாயிலும் பதிவாகியிருந்தது.

இவ்வொளியில் அந்த மூட்டை சுமக்கும் தொழிலாளியை நோக்குவோம். லொறி எப்பொழுது வரும் என்பது அவர் கையில் இல்லை. வந்துவிட்டால் இறக்கி முடியும்வரை நிற்க இயலாது. களைப்பாயிருக்கின்றது என்று கூறி அவர் சும்மா குந்தியிருந்தால் மேற்பார்வையாளர் ஏசுவார். ஆயின் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குந்தினால் யாரும் ஒன்றும் சொல்லார். “பீடி குடிக்கிறான், முடித்துவிட்டு வருவான்” என்று விட்டுவிடுவர். ஓய்வு உரிமையாக இல்லாதவிடத்துப் பீடியே ஓய்வுக்கான அனுமதிச் சீட்டாகிவிடுகின்றது. பசியை மந்திக்கச் செய்யும் குணமும் நிக்கொட்டினுக்கு உண்டு. பத்து மணித் தேநீருக்கும் மூன்று மணிச் சோற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது சுருக்கிக் காட்டும். பிரித்தானியாவில் ஹிலரி கிரகாம் என்ற பெண்மணி வறிய தாய்மாரிடையே நடத்திய ஆய்வுகளும் இதையே கூறின. பிள்ளைகளின் அலறலுக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே, அத்தாய்மார் தமக்கென எடுத்துக்கொண்ட ஒரேயொரு இடைவேளை சிகரட்டுப் புகைக்கும் நேரமாகவே இருந்தது.

தொழிலாளர் இப்பழக்கத்தை விட விரும்புவதில்லை என்பதும் உண்மையன்று. விட முயல்வோர் எல்லாப் பிரிவினரிடையேயும் ஏறத்தாழ ஒரே அளவினர் என்றும், முயற்சியில் வெற்றி பெறுவோரே கீழ்த்தட்டிற் குறைவு என்றும் இங்கிலாந்து ஆய்வுகள் காட்டுகின்றன. சுற்றியிருப்போர் யாவரும் புகைக்கும் தொழிற்களத்தில், நாளைய கூலி நிச்சயமில்லாத மனநிலையில், ஒருவன் தனித்து நின்று நிக்கொட்டினை வெல்வது எளிதன்று. அதிகாரியின் அறையில் அவ்வெற்றி எளிது. அங்கு அது பாராட்டையும் பெற்றுத்தரும்.

தனிமனிதனின் பழக்கத்தைக் குற்றஞ்சாட்டுவதால் யாருக்கு இலாபம் என்பதை அஸ்பெஸ்ரஸ் தொழிலாளரின் கதை காட்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வெப்பக் காப்புப் பூசும் 17,800 தொழிலாளரை ஏர்விங் செலிக்கொவ் என்ற வைத்தியரும் அவர்தம் தோழரும் ஆராய்ந்து 1979இல் முடிவை வெளியிட்டனர். அஸ்பெஸ்ரஸ் தூசியும் புகையும் அறியாதவருடன் ஒப்பிடுகையில், தூசியை மாத்திரம் சுவாசித்தவருக்கு நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஐந்து மடங்கு. புகைத்தலை மாத்திரம் உடையவருக்குப் பதினொரு மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பத்து மூன்று மடங்கு. ஐந்தும் பதினொன்றும் கூடிப் பதினாறாகவில்லை, ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டன. நோயுற்ற தொழிலாளர் நட்டஈடு கோரி நீதிமன்றம் சென்றபொழுது, கம்பனிகளின் வழக்கறிஞர் எடுத்துக்கொண்ட ஆயுதம் என்ன? “நீ புகைத்தாயல்லவா?” என்ற கேள்வியே. தூசியைப் பற்றிப் பேச வேண்டிய மன்றத்தில் தொழிலாளியின் சட்டைப் பையைப் பற்றிப் பேசினர். முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளியின் பழக்கத்தால் மூடி மறைக்கும் இத்தந்திரத்தை நாம் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடு நம் நாட்டிலும் வீட்டுக்கு வீடு காணப்படும் பொருளாகும்.

புகையிலையைப் புகைத்தோரைப் பற்றியே இதுவரை கூறினேன். அதனைச் சுற்றிய தொழிலாளரை மறந்துவிடலாகாது. கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 1865ஆம் ஆண்டு சுருட்டு ஆலையொன்றில் புதுவழக்கம் ஒன்று பிறந்தது. தொழிலாளர் வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் மேடையில் இருந்து பத்திரிகையையும் நாவலையும் உரத்து வாசிப்பார். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். என்ன வாசிப்பதென்று தீர்மானித்தவரும் அவர்களே. மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதனைத் தடை செய்தது; தடையையும் மீறி அது கடல்கடந்து புளோரிடாவின் தம்பா நகரை அடைந்தது. 1931இல் அந்நகர முதலாளிகள் வாசிப்போரை ஆலைகளிலிருந்து வெளியேற்றினர். யந்திரமும் வானொலியும் அவ்விடத்தை நிரப்பின.

இது நமக்கு அந்நியமான செய்தியன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும், ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க ஏனையோர் கேட்டவாறே சுருட்டுச் சுற்றுவதுண்டு. இத்தனை சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற அத்தொழிலாளர், கைவேகம் தம்முடையதாகவும் காது சுதந்திரமானதாகவும் இருந்த வரையில், அக்கொட்டிலைத் தம் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டனர். உழைப்பவனுக்குத் தன் நேரத்தின்மீது சிறிதளவேனும் அதிகாரம் கிடைக்குமாயின் அதனை அவன் எதற்குப் பயன்படுத்துவான் என்பதற்கு ஹவானாவும் நம் கொட்டில்களும் விடை கூறுகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு நெடியது. ஒல்லாந்தர் காலத்திலேயே அது குடாநாட்டின் முதன்மையான வாணிபப் பயிராக விளங்கிற்று. கிணற்று நீரை இறைத்து இறைத்துச் செம்மண்ணில் வளர்த்த அப்பயிர் திருவிதாங்கூருக்குப் பாய்க்கப்பலில் சென்றது. தெற்கே சிங்களக் கிராமங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகளும் பலர் நினைவில் இருக்கும். அவ்வருவாயிற் கல்வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் கல்வி கற்றனர். பச்சை இலையை ஈரத்துடன் ஒடிப்போரின் தோலூடாகவே நிக்கொட்டின் உடலினுட் புகுந்து வாந்தியும் தலைச்சுற்றும் ஏற்படுத்தும் என்பதை 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்க வைத்தியர் நோயென இனங்கண்டனர். அவ்வாறாயின், நம் தோட்டங்களில் இலை ஒடித்த கூலியாளரின் மயக்கத்தை வெறும் வெயிற் களைப்பென்று நாம் தள்ளிவிட்டிருத்தலும் கூடும்.

இலங்கையில் 2015ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட தேசியக் கணிப்பின்படி வளர்ந்த ஆண்களில் நூற்றுக்கு 29 பேர் புகைத்தனர். பெண்களிலோ ஆயிரத்துக்கு ஒருவர். இதை மாத்திரம் கண்டு நம் பெண்கள் புகையிலையிலிருந்து தப்பிவிட்டனர் என்று மகிழ்வோர் அவசரக்காரர். மென்று பயன்படுத்துவதையும் சேர்த்தால் ஆண்களில் 46 பேராகவும், பெண்களில் ஐந்து பேராகவும் தொகை உயர்கின்றது. மலையகத் தோட்டங்களுக்குச் சென்று பார்ப்போர்க்கு இதன் பொருள் விளங்கும். மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் நின்று, இரு கைகளாலும் கொழுந்து பறிக்கும் பெண் எவ்வாறு புகைப்பாள்? சமூக வழக்கமும் அவளைப் புகைக்க விடாது. வாயோரத்தில் அடக்கிய வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அவளுக்குக் குளிரைத் தாங்கவும் பசியை மறக்கவும் உதவுகின்றன. நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளி மென்றதற்கும் இவள் மெல்லுவதற்கும் இடையே கடலும் காலமும் இருக்கலாம். காரணத்தில் உறவு உண்டு. விலையும் ஒன்றுதான். நம் நாட்டு ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றே முதலிடம் வகிக்கின்றது. புகையிலை மாத்திரமன்றிப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

இனி, முற்போக்காளரான நமக்குள்ளே நிலவும் ஒரு மயக்கத்தையும் கூறித்தான் ஆக வேண்டும். உழைப்பவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே இன்பம் அதுதானே, அதையும் பறிப்பானேன் என்று பரிவுடன் பேசுவோர் நம்மிடையே உளர். 2004ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொழிற்கட்சியின் சுகாதார அமைச்சராக இருந்த ஜோன் ரீட் இக்கருத்தையே வெளிப்படையாகக் கூறினார். இது பரிவின் உடையணிந்த கைவிடுதலாகும். ஏழைக்கு வேறு இன்பம் இல்லையெனின் அதனை உண்டாக்கப் போராடுதல் வேண்டுமேயன்றி, அவனுடைய ஆயுளிற் பத்து ஆண்டைக் கம்பனிக்குத் தாரைவார்த்துவிட்டு ஆறுதல் கொள்ளுதல் தகாது. நம் நாட்டுச் சிகரட்டுச் சந்தையை ஆளும் கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை பிரித்தானியப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றினுடையவை. மூட்டைத் தொழிலாளி பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு எக்கரையைச் சென்றடைகின்றது என்பதை ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நம் கூட்ட மண்டபங்களே ஒரு காலத்திற் புகைமண்டலமாக இருந்தனவல்லவா?

இவ்விரு தவறுகளுக்கும் அப்பால் ஒரு வழியுண்டு என்பதை அதே 2004ஆம் ஆண்டில் அயர்லாந்து காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் 29ஆம் திகதி முதல், மதுச்சாலைகள் உட்பட மூடிய தொழிலிடங்கள் யாவற்றிலும் புகைத்தல் தடுக்கப்பட்டது. நாடளாவ இவ்வாறு செய்த முதலாவது நாடு அது. அச்சட்டம் புகைப்போரின் ஒழுக்கத்தைத் திருத்தும் சட்டமாக முன்வைக்கப்படவில்லை. பிறர் விட்ட புகையை எட்டு மணி நேரம் சுவாசிக்கும் பரிசாரகரின் பாதுகாப்புச் சட்டமாகவே முன்வைக்கப்பட்டது. மதுச்சாலைத் தொழிலாளரின் தொழிற்சங்கமும் அதனை ஆதரித்தது. உபதேசம் செய்ய இயலாததைத் தொழிலுரிமை செய்தது. நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் சட்டம் மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடுக்கின்றது, அது நன்று. ஆயின் நம் தொழிலாளரிற் பெரும்பாலோர் மூடிய இடத்தில் வேலை செய்வோர் அல்லர். அவர்களுக்கு வேண்டியவை வேறு: பீடியின் துணையின்றியே கிடைக்கும் ஊதியத்துடன் கூடிய ஓய்வு வேளை, தூசியிலிருந்து காப்பு, நேரத்துக்கு உணவு, விட விரும்புவோர்க்குத் தொழிற்களத்திலேயே வைத்திய உதவி. சிகரட்டு வரியால் திறைசேரி பெறும் பணத்தில் ஒரு பங்கை இதற்கெனக் கோருவது தொழிற்சங்கங்களின் கடமையாகும். வரியை மாத்திரம் உயர்த்திவிட்டு இவற்றைச் செய்யாதொழியின், சிகரட்டை விட்டவன் பீடிக்கும், பீடியை விட்டவன் வெற்றிலைப் புகையிலைக்கும் மாறுவான்.

ஆசிரியரான நமக்கும் பங்குண்டு. புகைத்தலின் தீமைகளைக் கற்பித்தல் வேண்டும்; அதில் தளர்வு கூடாது. ஆயின் யார் புகைக்கின்றார் என்று கேட்கும் மாணவனை, அவருடைய வேலைநாள் எத்தகையது என்றும் கேட்கப் பழக்குதல் வேண்டும். ரமசினி வைத்தியருக்குக் கூறியது ஆசிரியருக்கும் பொருந்தும்.

அந்த அரைப் பக்கக் கட்டுரைக்கு நான் இறுதியிற் புள்ளி இடவில்லை. “உன் தகப்பனாரின் ஒரு நாளை, விடியல் முதல் இரவு வரை, அவரிடமே கேட்டு எழுதி வா” என்று அடியிற் குறித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவன் ஏழு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். அதில் தகப்பனார் பீடி பற்றவைத்த நேரங்களெல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு லொறி இறக்கி முடிந்த நேரமாயிருந்தது. வகுப்பில் அதனை உரத்து வாசிக்கச் செய்தேன். கூலியாட்களைப் பற்றி முன்னர் எழுதிய மாணவர் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.